கை தூக்கினால் செக்மேட் ஆகாது

உளுந்தூர்பேட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சென்னையிலிருந்து திருச்சிக்கோ சேலத்துக்கோ பஸ்ஸில் போகிறவர் என்றால் பைபாஸ் ஓட்டல், 'வண்டி பத்து நிமிஷம்தான் நிக்கும்' என்று கத்துகிற கண்டக்டர், ஆறிப்போன டீ. கார்க்காரர் என்றால் சுங்கச்சாவடி. எனக்கு அது மாமனார் ஊர். ஆகவே பைபாஸோடு நின்றுவிடாமல் ஊருக்குள் போகிற சிறுபான்மையினரில் நானும் ஒருவன்.

2025 மே மாதக் கடைசியில் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த மச்சினன் மகன், செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

''மாமா, பாத்தீங்களா? கார்ல்சனை எதிர்த்து ஒரு லட்சத்து நாப்பத்தி மூவாயிரம் பேர் சேர்ந்து ஆடி டிரா பண்ணிட்டாங்க!''

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா உடனே பிடித்துக்கொண்டார். ''இதுக்குத்தான் மாமா, அந்த சார்கிட்ட அனுப்பறதை நிறுத்திட்டேன். மாசம் ஐநூறு ரூபா. இப்ப பாருங்க, போன்ல ஃப்ரீயாவே உலகத்தோட ஆடறான்.'' (அப்பாவுக்கும் நான் மாமா, பிள்ளைக்கும் நான் மாமா. எங்கள் பக்கத்து உறவுமுறை அப்படி. குழம்ப வேண்டாம்.)

இந்த 'ஃப்ரீ' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். பி.காம். படித்த தோஷம். ஆனால் அன்றைக்கு நான் சண்டை போடவில்லை. காரணம், பையனே ஒரு செய்தி சொன்னான். அவனும் அவன் நண்பர்கள் ஐந்து பேரும் சேர்ந்து அந்த சாருக்கே சவால் விட்டிருக்கிறார்களாம். ஆறு பேர் ஒரு பக்கம், சார் தனியாக இன்னொரு பக்கம். ஒரே போர்டு. ஆறு பேரும் தினமும் ராத்திரி போனில் நாற்பது ஆட்டம் ஆடுகிறவர்கள். எல்லோருக்கும் ஆயிரத்து ஐநூறுக்கு மேல் ஆன்லைன் ரேட்டிங். ''சார் பழைய ஆளு மாமா, ஓப்பனிங்லயே முடிச்சிருவோம்.''

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் போய் உட்கார்ந்தேன்.

சார் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. சுருட்டி வைக்கிற ரெக்ஸின் போர்டு, ஒரு யானைக்குத் தலை உடைந்து பெவிகால் போட்டு ஒட்டியிருந்தது. கல்லூரி நாட்களில் சென்னையில் தால் செஸ் கிளப்புக்குப் போய் ஆடியவர். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவேல் ஆரோன் 1972-ல் சோவியத் கலாசார மையத்தில் ஆரம்பித்த கிளப் அது. விஸ்வநாதன் ஆனந்த் சின்னப் பையனாகப் போய் ஆடிய இடம். அதற்கு மேல் சாருக்குப் பட்டம் எதுவும் கிடையாது.

பையன்களுக்கே வெள்ளைக் காயைக் கொடுத்தார். முதல் எட்டு நகர்த்தல்கள் மின்னல் வேகம். மனப்பாடம். ஒன்பதாவதில் சார் புத்தகத்தில் இல்லாத ஏதோ ஒன்றை ஆடினார். அங்கேதான் கச்சேரி ஆரம்பித்தது.

மூன்று பேர் ராஜா பக்கம் தாக்கலாம் என்றார்கள். மூன்று பேர் ராணி பக்கம் சிப்பாயைத் தள்ளலாம் என்றார்கள். ஓட்டு மூன்றுக்கு மூன்று. கடைசியில் ஒருவன் கட்சி மாறினான். ஏன்டா என்று கேட்டதற்கு, ''பசிக்குது, சீக்கிரம் ஆடுங்க'' என்றான். சிப்பாயைத் தள்ளினார்கள். அடுத்த நகர்த்தலுக்கு மறுபடி ஓட்டு. இந்தத் தடவை ராஜா பக்கக் கட்சி ஜெயித்தது. அதற்கடுத்து பழைய கட்சி. எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரே யோசனையை விடாமல் பிடித்துக்கொண்டு நிதானமாக ராணிகளை வெட்டி மாற்றினார், ஒரு சிப்பாயை எடுத்தார், அந்த ஒற்றைச் சிப்பாயை வைத்தே ஜெயித்தார்.

பிறகு காய்களைப் பின்னோக்கி நகர்த்தி, பதினாலாவது நகர்த்தலில் நிறுத்தினார். ''இந்தக் குதிரையை இங்க வெக்கலாம்னு சொன்னது யாருடா?''

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ''எல்லாரும் சேர்ந்துதான் சார்...''

''எல்லாரும் சரி. யாரு?''

பதில் இல்லை.

நான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தது அந்தக் கேள்விக்காகத்தான். கூட்டமாகச் சேர்ந்தால் புத்தி பெருகும் என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் விருப்பம் தெரிவித்தால் அது உண்மை, லட்சம் பேர் பார்த்தால் அது நல்லது. வாத்தியார் எதற்கு, வழிகாட்டி எதற்கு, எல்லாம் போனில் இருக்கிறது. ஐயா, போனில் எல்லாம் இருக்கிறது. 'யாரு?' என்று கேட்கிற ஆள்தான் இல்லை.

மச்சினன் மகன் சொன்ன கார்ல்சன் ஆட்டத்துக்கு வருவதற்கு முன்னால், இந்தக் கூத்தின் தாத்தாவைப் பார்த்துவிடலாம். 1999. நம்மில் பலருக்கு இன்டர்நெட் என்றால் பிரவுசிங் சென்டர், மணிக்கணக்கில் காசு என்றிருந்த காலம். ஜூன் 21-ம் தேதி உலக சாம்பியன் காஸ்பரோவ் ஒரு பக்கம், 'உலகம்' இன்னொரு பக்கம் என்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஆட்டத்தை ஆரம்பித்தது. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள் அவகாசம். 75-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 50,000-க்கும் அதிகமானவர்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்களுக்கு யோசனை சொல்ல நாலு இளம் ஆட்டக்காரர்கள். பிரான்ஸின் பக்ரோ, அமெரிக்காவின் ஃபெலக்கான், ஜெர்மனியின் எலிசபெத் பேட்ஸ், அமெரிக்காவின் ஐரினா கிரஷ். எல்லோருமே டீன் ஏஜ். கிரஷ்ஷுக்கு 15 வயது.

காஸ்பரோவ் ஊதித் தள்ளிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பத்தாவது நகர்த்தலில் கிரஷ் சிபாரிசு செய்த ஒரு ராணி நகர்த்தலை உலகம் ஏற்றுக்கொண்டது. அதுவரை யாரும் ஆடிப் பார்க்காத புதுசு. ஆட்டம் தலைகீழாகக் குழம்பியது. காஸ்பரோவ் அதற்குப் பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வேறெந்த ஆட்டத்துக்கும் இவ்வளவு உழைத்ததில்லை என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். எதிர் அணி பேசிக்கொள்வதைப் படித்துக்கொண்டிருந்தேன் என்றும் ஒப்புக்கொண்டார். (சாம்பியனுக்கு இது அழகா என்று கேட்காதீர்கள். உலகமே ஊரறியப் பேசிக்கொண்டிருந்தால் அவர் காதைப் பொத்திக்கொள்வாரா?)

ஐம்பதாயிரம் பேர் சேர்ந்ததால்தான் உலகம் அவ்வளவு நன்றாக ஆடியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஐம்பதாயிரத்தில் உட்கார்ந்து யோசித்தவர்கள் ஒரு சிறு கூட்டம். அவர்கள் கண்டுபிடித்ததையெல்லாம் வாங்கி, சலித்து, கோத்து, 'இன்றைக்கு இதை ஆடுவோம், காரணம் இது' என்று தன் பெயரைப் போட்டு எழுதியது ஒரு பதினைந்து வயதுப் பெண். ஏறக்குறைய நாற்பது நகர்த்தல்கள் வரை உலகம் தொடர்ந்து அவர் பேச்சைக் கேட்டது. சுருக்கமாகச் சொன்னால், உலகத்துக்கு ஒரு கோச் கிடைத்திருந்தார்.

அந்தக் கயிறு அறுந்ததும் என்ன ஆயிற்று? 51-வது நகர்த்தலில் அவர் சொன்னது ஒன்று, ஓட்டில் ஜெயித்தது வேறொன்று. கள்ள ஓட்டுப் போட்டேன் என்று ஒருவர் பெருமையாக மார்தட்டிக்கொண்டார். நிஜமோ பொய்யோ, சந்தேகம் வந்துவிட்டது. 58-வது நகர்த்தலுக்கு கிரஷ்ஷின் ஆலோசனை நேரத்துக்கு வெளியாகவில்லை. மின்னஞ்சல் தாமதம் என்றார்கள், தப்பு யார் மேல் என்று பெரிய ரகளை. அவர் சொல்லவந்த நகர்த்தல் தோற்று, வேறொரு நகர்த்தல் ஜெயித்தது. (அவர் சொன்னதை ஆடியிருந்தாலும் தப்பித்திருக்க முடியாது என்று ஆராய்ந்து சொன்னவர்களும் உண்டு. அது வேறு கதை.) அவர் விலகிக்கொண்டார்.

அடுத்தது நம்ம ஊர் இடைத்தேர்தலைவிட அசிங்கம். கோபம் வந்த உலகம், தன் ராணியைச் சும்மா தூக்கி எதிரியிடம் கொடுத்துவிடுகிற தற்கொலை நகர்த்தலுக்கு ஓட்டுப் போட்டது. கள்ள ஓட்டு என்று சொல்லி மைக்ரோசாஃப்ட் அதை ஏற்கவில்லை. அக்டோபர் 22, 62-வது நகர்த்தல். சரணடையலாம் என்றவர்கள் 51 சதவீதம். நாலு மாதம் உலகம் சேர்ந்து ஆடிய ஆட்டம் இப்படி முடிந்தது.

கம்பெனிகளின் பொதுக்குழுவுக்குப் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். ஆண்டறிக்கையைப் பிரிக்காமலே கை தூக்குவார்கள். பிறகு காபி, ஸ்வீட் பாக்ஸ். கம்பெனி மூழ்கும்போது, 'நான்தான் கை தூக்கினேன்' என்று ஒருவர்கூடச் சொல்லமாட்டார். ஓட்டு என்பது நல்ல விஷயம். ஆட்சியைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் கற்றுக்கொள்வதற்கு அது ஒரு வழியே அல்ல.

இப்போது கார்ல்சன். என் மச்சினன் மகன் கட்சிக்கு இதுதான் பலமான சாட்சி, மழுப்ப மாட்டேன். 2025 ஏப்ரல் 4-ல் ஆரம்பித்து மே 19-ல் முடிந்த ஆட்டம். 1,43,000 பேர். கார்ல்சன் சுலபமாக ஜெயிப்பார் என்றுதான் ஆட்டத்தை நடத்திய செஸ்.காம் கணித்தது. காய்களின் ஆரம்ப வரிசையைக் கலைத்துப் போட்டு ஆடும் 'ஃப்ரீஸ்டைல்' ஆட்டம் என்பதால் மனப்பாட வித்தை செல்லாது. அப்படியும் கூட்டம் ஒழுங்காக ஆடியது. கார்ல்சனே பாராட்டினார். அதற்கு முந்தைய வருடம், 2024-ல், ஏறக்குறைய 70,000 பேர் நம்ம ஆனந்தோடு மோதித் தோற்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த டிரா சாதனைதான்.

ஆனால் எப்படி டிரா ஆயிற்று? 32-வது நகர்த்தலில், ஒரே நிலையை மூன்றாவது தடவை கொண்டுவந்து. கார்ல்சனின் ராஜாவுக்குத் திரும்பத் திரும்ப செக் வைத்து, 'போதும், பிரிந்துவிடலாம்' என்று கூட்டம் முடித்துக்கொண்டது. தப்பே இல்லை. உலகின் முதல் ஆட்டக்காரரிடம் டிரா கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? எனக்குத் தெரிவதெல்லாம், தோற்காமலிருக்கக் கூட்டம் போதும் என்பது. ஜெயிக்க வேண்டுமென்றால் யாராவது ஒருத்தர் 'வந்தது வரட்டும், இதை ஆடுறேன்' என்று சொல்ல வேண்டும். ஒன்றரை லட்சம் பேரில் அதைச் சொல்லியிருக்கக்கூடியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஓட்டு குறைவு.

இன்னொன்றும் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் பையன் கையிலிருக்கும் போனில் இறங்கியிருக்கிற இலவச எஞ்சின் கார்ல்சனைவிட பலசாலி. செஸ் எஞ்சின் என்பது தெரியாதவர்களுக்கு: நிலையைக் கொடுத்தால் சிறந்த நகர்த்தலைச் சொல்லும் மென்பொருள். ஏன் சிறந்தது என்று வாத்தியார் மாதிரி உட்கார்ந்து சொல்லாது. இது கையில் இருக்கும்போது ஆறு பேர் கூடி எதற்கு மூளையைக் கசக்க வேண்டும்?

2021 ஜூன் 13-ம் தேதி என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? கொரோனா நிவாரண நிதிக்காக ஆனந்த் ஒருவரே பல பிரபலங்களோடு ஆன்லைனில் ஒரே சமயத்தில் ஆடினார். ஆமிர்கான் ஆடினார். சின்ன வயதில் இந்தியாவுக்காக செஸ் ஆடிய கிரிக்கெட்டர் சஹல் ஆடினார். ஆனந்த் தோற்றது ஒரே ஒருவரிடம். பங்குத் தரகு நிறுவனம் ஸெரோதாவின் நிறுவனர்களில் ஒருவரான நிகில் காமத்திடம். ஊரே வாயைப் பிளந்தது. மறுநாள் காமத்தே சொன்னார். ஆட்டத்தை ஆராய்கிற ஆட்கள், கம்ப்யூட்டர் இரண்டின் உதவியும் தனக்கு இருந்தது, இது நல்ல காரியத்துக்கான வேடிக்கை, இப்படி ஆனதற்கு மன்னிக்கவும் என்று. ஆனந்த் அதிகம் பேசவில்லை. போர்டில் இருந்த நிலையை வைத்து நான் ஆடினேன், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

காமத் ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். அதே காரியத்தை அந்தஸ்தில்லாத ஆயிரம் பேர் தினமும் செய்துவிட்டு ஒப்புக்கொள்வதில்லை. என் கேள்வி வேறு. அன்றைக்கு ஆனந்தை ஜெயித்தது யாரு?

திண்ணையில் பெவிகால் யானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்ட அதே கேள்வி.

உலக சாம்பியன் குகேஷின் கதையைப் பெற்றோர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறீர்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், 18 வயதில் டிங் லிரெனைத் தோற்கடித்தார். அதெல்லாம் தெரியும். அவரை வளர்த்த கோச் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட் மாஸ்டர் ஆகும்வரை பையனை எஞ்சின் பக்கமே விடவில்லை என்பது தெரியுமா? குகேஷ் கிராண்ட் மாஸ்டர் ஆனது 2019 ஜனவரியில், 12 வயதில். மற்ற பிள்ளைகள் கம்ப்யூட்டர் சொல்வதைக் குறித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பையன் தானே யோசித்து, தானே தப்புச் செய்து, எதிரே இருக்கும் ஒரு மனிதரிடம் 'ஏன் இதை ஆடினேன்' என்று விளக்கிக்கொண்டிருந்தான். பிரக்ஞானந்தாவுக்கும் வைஷாலிக்கும் கற்றுக்கொடுத்த ஆர்.பி.ரமேஷ் 2008-ல் இந்தியன் ஆயில் வேலையையும் தன் சொந்த ஆட்டத்தையும் விட்டுவிட்டு முழுநேர கோச் ஆனவர். அவரும் கிராண்ட் மாஸ்டர்தான். ஜெயிக்க வேண்டிய வயதில், மற்றவர்களை ஜெயிக்கவைக்க உட்கார்ந்தார். தமிழ்நாட்டு செஸ்ஸின் ரகசியம் என்று எதையாவது தேடுகிறவர்கள் இங்கே தேடலாம்.

ஆனால் நாம் எதற்குக் காசு தருகிறோம்? அரசாங்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 2013-ல் ஆனந்த் - கார்ல்சன் உலக சாம்பியன் போட்டியைச் சென்னையில் நடத்த 29 கோடி. 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்கு 92 கோடி ஒதுக்கீடு. குகேஷுக்கு 5 கோடி பரிசு. இதில் ஒரு ரூபாயைக்கூட நான் தண்டம் என்று சொல்லவில்லை. ஒலிம்பியாட் சமயத்தில் நேப்பியர் பாலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்ததை நானும்தான் போய் நின்று பார்த்தேன். 2012-லேயே 7 வயது முதல் 17 வயது வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு செஸ் என்று திட்டம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் எனக்குத் தெரிந்த பள்ளிகளில் போர்டு வந்தது, காய் வந்தது. சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பி.டி. மாஸ்டர் தலையில் விழுந்தது. அவர் பாவம், கபடிக்கும் அவர்தான், சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கும் அவர்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியங்கள் 388. ஒன்றியத்துக்கு ஒரு செஸ் ஆசிரியர், பகுதி நேரம், மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். வருடத்துக்கு ஏழு கோடிக்கும் கொஞ்சம் குறைவு. மாமல்லபுரத்துக்கு ஒதுக்கிய தொகையில் பதின்மூன்று வருடம் சம்பளம் கொடுக்கலாம். கல்வராயன் மலையில் செல்போன் டவர் எட்டாத கிராமத்துப் பிள்ளைக்கு எந்த ஆப்பும் உதவாது. மாதத்துக்கு நாலு தடவை ஒரு மனிதர் போர்டைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனால் உதவும். 2024 டிசம்பரில் 'ஹோம் ஆஃப் செஸ்' என்று சிறப்பு அகாடமி அமைப்போம் என முதல்வர் அறிவித்தார். மகிழ்ச்சி. அதோடு கூட, உளுந்தூர்பேட்டைத் திண்ணைக்கும் ஒரு வழி சொல்லுங்கள் என்கிறேன்.

அரசாங்கத்தைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. மாதம் ஐநூறு ரூபாய் அதிகம் என்று சொன்ன என் மச்சினன், பையனின் போனுக்கு டேட்டா ரீசார்ஜ் செய்கிறார். போன் வாங்க தவணை கட்டுகிறார். இது 'ஃப்ரீ'யா? ராத்திரி நாற்பது ஆட்டம், ஆட்டத்துக்கு மூன்று நிமிடம். தோற்றால் உடனே அடுத்த ஆட்டம். தோற்றது ஏன் என்று திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம்? பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள், விற்றுமுதல் வேறு, லாபம் வேறு என்று. இந்தப் பிள்ளைகளுக்கு விற்றுமுதல் பிரமாதம்.

ஆன்லைன் செஸ்ஸே கூடாது என்று நான் சொல்வதாக அடுத்த வாரம் கடிதம் போடாதீர்கள். உளுந்தூர்பேட்டைப் பையன் ஊசி போட்ட மாதிரி உட்கார்ந்து ஓஸ்லோ பையனோடு ஆட முடிவது பெரிய விஷயம். என் காலத்தில் அதற்கு பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. ஆடட்டும். ஆடிய நாற்பதில் நாலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தத் திண்ணைக்குப் போகட்டும் என்கிறேன்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து திரும்பும்போது மச்சினனிடம் சொன்னேன். ''அந்த ஐநூறை இனிமே மாசாமாசம் நான் அனுப்பிடறேன். நீ பையனை மட்டும் அனுப்பு.''

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ''என் புள்ளைக்கு நீங்க எதுக்கு மாமா ஃபீஸ் கட்டணும்? எனக்குக் கட்டத் தெரியாதா?''

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஜூன் முதல் தேதி கட்டிவிட்டாராம். பையன் போன் பண்ணிச் சொன்னான்.